பதினோரு ஆட்சேபணைகள்

ஒரு செங்கல்லைக்கூட அசைய விடப்போவதில்லை என்று ஐசக் தீர்மானம் எடுத்தது 2007 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து வந்தவர் இன்னும் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. கையில் வேதாகமம். காலில் ஷூ. வாயில் மட்டும் கோயிலுக்கு ஒவ்வாத வார்த்தைகள்.

புனேயின் வானவடியில் அவரும் மனைவி மில்ட்ரெட்டும் குடியிருந்த அடுக்குமாடிச் சொசைட்டிக்குச் சாந்தி விஹார் என்று பேர். மூன்று மாடி, பதினெட்டு வீடு. லிப்ட் கிடையாது, சாந்தியும் கிடையாது. சாந்தி இல்லாததற்குக் காரணம் பதினாறு வருஷமாக அதன் செயலாளராக இருக்கும் ஐசக்தான் என்று மற்ற பதினேழு வீட்டுக்காரர்களும் சத்தியம் செய்வார்கள். ஈரத்துணியை வெளிச்சுவரில் போட்டால் எழுத்துமூலம் எச்சரிக்கை. ஸ்கூட்டரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால் எழுத்துமூலம் எச்சரிக்கை. ஒருமுறை இரண்டாம் மாடியில் பிறந்தநாள் விழாவில் பலூன் வெடித்த சத்தத்துக்கு எச்சரிக்கை போனது. பிறந்தநாள் குழந்தையின் பேருக்கே போனது. அதற்கு வயது நாலு.

இந்த எச்சரிக்கைகள் தொங்குவதற்கென்றே கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு நோட்டீஸ் போர்டு உண்டு. கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி ஐசக் வீட்டுச் சுவரில், ஆணியில். அந்தப் பூட்டிய கண்ணாடிக்குள் அன்றைக்கு அவர் ஒட்டாத ஒரு காகிதம் இருந்தது.

நகராட்சியின் பொது அறிவிப்பு அது. இந்த மனையிலுள்ள பழைய கட்டடத்தை இடித்துவிட்டு ஒரு பில்டர் பதினாலு மாடி எழுப்பப் போகிறார். இப்போது இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு அதில் ஆளுக்கு ஒரு வீடு. கீழே இரண்டு தளம் கடைகள். மூன்றாவது தளம் அலுவலகங்கள். அதற்கு மேல் வீடுகள். வீடு மட்டுமே கட்டலாம் என்றிருக்கும் மனையைக் கடையும் வீடும் கலந்த மனையாக மாற்ற அனுமதி கேட்டிருக்கிறார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம். கூடவே வழவழப்பான தாளில் ஒரு வண்ணப்படம். கட்டடத்துக்கு 'சாகர் கினாரா' என்று பேர் வைத்திருந்தார்கள். கடற்கரை. கட்டடத்துக்குப் பின்னால் நீலமாகக் கடல், மேலே நாலு கடற்பறவைகள். வானவடியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் மலை இறங்கி நாலு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

ஐசக் உள்ளே வந்தார்.

“மில்லி, போர்டு சாவி எங்க?”

“ஆணியிலதான் தொங்குது.”

“அப்ப அந்தப் பேப்பர் உள்ள எப்படிப் போச்சு?”

“எந்தப் பேப்பர்?”

சொன்னார். சோறு ஆறும்வரை சொன்னார். மில்ட்ரெட் கோழிக் குழம்பை அவர் தட்டில் ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள். கான்வென்ட் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகளை ஒருநாளும் கத்தாமல் அடக்கியவள். அவள் பேசாமல் கேட்டாலே எதிராளி தன் தப்பைத் தானே சொல்லிவிடுவான் என்று பேர். ஐசக்குக்கு மட்டும் அது பலித்ததில்லை. அவருக்குத் தன்னிடம் தப்பு இருப்பதே தெரியாது.

“பதினாலு மாடியா?” என்றாள்.

“பதினாலு. கீழ கடை. நாம படுக்கிற ரூம் இருக்கிற இடத்துல செருப்புக் கடை வரும்.”

“அனந்தராமன் சார் என்ன சொல்லுதார்?”

அனந்தராமன் மூன்றாம் மாடி. சொசைட்டியின் தலைவர். மூட்டு தேய்ந்து, ஒரு தடவை கீழே இறங்கினால் மறுபடி ஏறுவதற்கு ஒரு முழு மத்தியானம் ஆகும்.

“வாசல்ல நின்னே மேல பாத்துக் கேட்டேன். பேச்சு நடந்துக்கிட்டிருக்கு சார்னு வழுக்குதாரு. அந்தாளை விடு. நகராட்சி அனுமதி இல்லாம ஒருத்தனும் ஒரு கல்லையும் பெயர்க்க முடியாது. நான் அங்கதான் கை வைக்கப்போறேன். பிளான்ல குத்தம் கண்டுபிடிச்சு ஒவ்வொண்ணா எழுதி அவனுகளக் கதறவிடுதேன் பாரு.”

“உங்களால முடியும்,” என்றாள் மில்ட்ரெட்.

ஐசக்கின் கை தட்டில் நின்றது. கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவர் இந்த வீட்டில் கேட்டதில்லை.

“நீங்க தமிழ்ல சொல்லுங்க அத்தான். நான் மராத்தில டைப் பண்ணித் தாரேன். இங்கிலீஷ்ல குடுத்தா அங்க படிக்காம அடியில வச்சிருவாங்க.”

அதுவும் நியாயம்தான். ஐசக் நாசரேத்திலிருந்து புனேக்கு வந்து நாற்பது வருஷமாகியும் அவருடைய மராத்தி காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. மில்ட்ரெட் புனேயிலேயே, கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து அங்கேயே படித்தவள். மராத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மறுநாளே ஐசக் நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு, நாலு தடவை நடந்து, பிளானின் நகலை வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் விரித்தார். மேஜை போதவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு அடுக்களைக்குள் நின்றபடி.

ஐசக் யாரென்று அந்த பில்டருக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் ராணுவக் கட்டுமான அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன், அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமை. பட்டாளத்துக்கு அவர் வரைந்த படங்களில் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூடப் பிசகியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு குற்றம் கண்டுபிடிக்க ஈரத்துணியும் பலூனும்தான் கிடைத்தன. இப்போது பதினாலு மாடி கிடைத்திருக்கிறது.

முதல் நாளே நாலு மாட்டியது.

தீயணைப்பு வண்டி உள்ளே வரலாம், திரும்ப முடியாது. வந்த வழியே பின்பக்கமாகத்தான் போகவேண்டும். அதுவரை தீ பொறுமையாக இருக்கவேண்டும். அடித்தளத்துக்குக் கார் இறங்கும் சரிவு, இறங்குகிற சரிவல்ல, விழுகிற சரிவு. கடைச் சரக்குக்கும் குடியிருப்பவர்களுக்கும் ஒரே லிப்ட். எட்டாம் மாடிக் கல்யாணப் பெண் செருப்பு மூட்டையோடு ஏறி இறங்குவாள். மழைத் தண்ணீர் போகிற குழாயைப் பக்கத்து ராணுவ மைதானத்துக்குள் முடித்திருந்தார்கள். ஜூலையில் கர்னல்கள் படகு விடலாம்.

“எழுது மில்லி,” என்றார் ஐசக். “கார் சரிவு சரியில்ல. இவனுக்கு அனுமதி குடுக்கக்கூடாது.”

மில்ட்ரெட்டின் விரல்கள் கம்ப்யூட்டரில் நின்றன. மெல்போர்னில் இருக்கும் மகள் ஹெலினா வாங்கித் தந்த கம்ப்யூட்டர்.

“சரிவு எவ்வளவு இருக்கணும் அத்தான்?”

“அத நான் எதுக்குச் சொல்லணும்?”

“குத்தம் சொன்னா ஆதாரம் வேண்டாமா? சரியான அளவு இதுதான்னு எழுதினாத்தான் அவன் போட்டது தப்புன்னு நிக்கும். இல்லன்னா யாரோ கிழவன் புலம்புதான்னு தூக்கிப் போட்டுருவாங்க.”

கிழவன் என்ற சொல் வேலை செய்தது. ஐசக் பென்சிலை எடுத்தார். சரிவு எங்கே தொடங்க வேண்டும், எங்கே வளைய வேண்டும், எந்தத் தூணை இரண்டு அடி தள்ள வேண்டும் என்று தனித்தாளில் வரைந்தே கொடுத்தார். வரைந்தபிறகு அதைக் கொஞ்ச நேரம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அழகாக இருந்தது.

இப்படித்தான் நடந்தது ஒவ்வொன்றும். மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு ஐசக் எழுந்திருப்பார். மில்ட்ரெட் டீயும் கடையில் வாங்கின பட்டீஸும் வைத்திருப்பாள். நாலிலிருந்து ஆறு வரை அவர் சொல்ல, அவள் தட்டுவாள். நடுநடுவே கேள்வி கேட்பாள். நல்ல கேள்விகள். மாடிப்படி எதற்காக இரண்டு வேண்டும், தண்ணீர்த்தொட்டியை ஏன் அந்த மூலையில் வைக்கக்கூடாது. அலுவலகத்தில் எந்தக் கர்னலும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஐசக் ஒருநாள் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தபடி, “நீ டீச்சரா இல்லாம எங்க ஆபீசுக்கு வந்திருக்கலாம் மில்லி,” என்றார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டில் அதற்கு மேல் பெரியது கிடையாது. மில்ட்ரெட் தட்டுவதை நிறுத்தாமல், “டீ ஆறுது,” என்றாள்.

நகராட்சி தந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று 'ஹரகத்'. இன்னொன்று 'சூச்னா'.

“ஹரகத்தா?” என்றார் ஐசக். ஹிந்தியில் அதற்குச் சேட்டை என்று அர்த்தம். “நான் செய்றது சேட்டையா?”

“மராத்தில அது ஆட்சேபணை அத்தான். சூச்னான்னா ஆலோசனை.”

“அப்ப நமக்கு ஹரகத்துதான்.”

“நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் மில்ட்ரெட்.

பிப்ரவரி முதல் வாரத்தில் எதிரி வீட்டுக்கே வந்தான். ஐசக் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தபோது முன் அறையில் கண்ணாடி போட்ட ஒரு முப்பது வயது ஆள், மில்ட்ரெட் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

“பில்டரோட ஆர்க்கிடெக்ட்,” என்றாள் மில்ட்ரெட். “தருண். தமிழ்ப் பிள்ளைதான். உங்களப் பாக்கணுமாம்.”

தருண் எழுந்து நின்றான். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் அவன் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. “அங்கிள், நீங்க ஆப்ஜெக்‌ஷன் போடுது கேட்டேன். நான் சமாதானம் பேச வந்தது.”

ஐசக்குக்கு உள்ளுக்குள் பூ பூத்தது. பயந்துவிட்டார்கள்.

“சமாதானமா? நீ மொதல்ல உக்காரு. மாடிப்படின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார். பிளானை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகக் கிழித்தார். படித்த காலேஜைக் கேட்டார், அந்தக் காலேஜையும் கிழித்தார். இப்படி வைத்திருந்தால் சரி, அப்படி வைத்திருந்தால் சரி, நீ வைத்திருப்பது எப்படியும் சரியில்லை என்று தாள் தாளாக வரைந்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். தருண் தலையைக் குனிந்தபடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். போகும்போது, “அங்கிள், இந்தப் பேப்பர் நான் எடுக்கலாமா?” என்றான்.

“எடுத்துட்டுப் போ. ஃபிரேம் போட்டு உன் முதலாளி ரூம்ல மாட்டு.”

அவன் போனபிறகு ஐசக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா மில்லி, வாயே திறக்கல.”

“ஆமா,” என்றாள். “நல்லாக் கேட்டுக்கிட்டான்.”

அதற்குள் பத்து ஆட்சேபணைகள் சேர்ந்திருந்தன. பதினொன்றாவது, மேலிருந்த இரண்டு மாடிகளைப் பற்றியது. அந்த உயரத்தில் ஜன்னல் வைத்தால் பக்கத்து ராணுவ வளாகம் முழுக்கத் தெரியும். ராணுவம் ஒருகாலும் ஒப்பாது. பன்னிரண்டு மாடிக்கு மேல் பேச்சே கிடையாது. ஐசக்குக்குப் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆட்சேபணைகளும் மனசில் இருந்தன. உண்மையைச் சொன்னால் அந்தச் சாயங்காலங்கள் முடிவதில் அவருக்கு இஷ்டமில்லை. மில்ட்ரெட் அச்செடுத்த தாள்களை அடுக்கித் தட்டினாள்.

“பதினொண்ணு போதும்.”

பதினொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அவர் சொன்னதுதானே.

மார்ச் மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஐசக் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மில்ட்ரெட் பைலையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். நகராட்சி அலுவலகத்தின் அந்த அறையில் அனந்தராமன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மூன்று மாடி இறங்கி வந்திருக்கிறாரே, நம் பக்கம் பேசத்தான் என்று ஐசக் நினைத்துக்கொண்டார். கையை ஆட்டினார். அனந்தராமன் மின்விசிறியைப் பார்த்தார்.

துணைப் பொறியாளர் ராஜஸ்ரீக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு பைலைத் திறந்தாள். பேச்செல்லாம் மராத்தியில்.

“ஐசக் யாரு?”

ஐசக் எழுந்தார். வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்த முதல் வாக்கியத்தைத் தொண்டைக்குக் கொண்டு வந்தார்.

“உக்காருங்க. நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.”

தொண்டையிலிருந்த வாக்கியம் திரும்பிப் போய்விட்டது.

“இந்த பிளான் போன ஆகஸ்டுல எங்கிட்ட வந்தது,” என்றாள் ராஜஸ்ரீ. “நான்தான் திருப்பி அனுப்பினேன். அப்படி ஒரு குப்பை. இப்ப திருத்திக் கொண்டாந்திருக்காங்க. பத்து வருஷத்துல இவ்வளவு சுத்தமான பிளான் என் மேஜைக்கு வந்ததில்ல. நீங்க குடுத்த பதினொரு சூச்னாவையும் அப்படியே ஏத்துக்கிட்டிருக்காங்க. ரெண்டு மாடியக்கூடக் குறைச்சிட்டாங்க.”

“சூச்னா இல்ல மேடம்,” என்றார் ஐசக், தன் காய்கறி மராத்தியில். “ஹரகத். நான் குடுத்தது எல்லாம் ஹரகத்.”

ராஜஸ்ரீ பைலை அவர் பக்கம் திருப்பினாள். ஹரகத் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. சூச்னா என்ற கட்டத்தில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டு, படத்தோடு, அளவோடு. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவருடைய கையெழுத்து, சாய்வாக, கம்பீரமாக.

“நான் சொசைட்டி செயலாளர். என் சம்மதம் இல்லாம இதுக்கு எப்படி அனுமதி குடுப்பீங்க?”

“உங்க வீட்டுச் சம்மதம் முதல் பக்கத்துலயே இருக்கே. வீட்டு எண் ரெண்டு, மில்ட்ரெட் ஐசக். பதினெட்டுல பதினாறு பேர் போட்டிருக்காங்க. முதல் கையெழுத்து அவங்களோடதுதான். போன ஜூன்.”

வீடு மில்ட்ரெட் பேரில் இருந்தது. 1980இல் அதை வாங்கும்போது ஐசக்தான் அப்படிச் செய்தார். தன் பேரில் வீடு இருந்தால் ராணுவக் குடியிருப்பில் கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். ஆகவே மனைவி பேரில் வாங்கி, அதை வாடகைக்கு விட்டுவிட்டு, சர்க்கார் வீட்டில் பத்து வருஷம் இருந்தார். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து நெடுநாள் சந்தோஷப்பட்டார். பிறகு வீடு யார் பேரில் இருக்கிறது என்பதையே மறந்துபோனார்.

திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் மில்ட்ரெட் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தருண் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கும்பிட்டான். கேலியாக இல்லை. உண்மையாகவே கும்பிட்டான். அதுதான் தாங்கவில்லை.

திரும்பும்போது மில்ட்ரெட் ரிக்‌ஷாக்காரனிடம் கோர்படி வழியாகப் போகச் சொன்னாள். அவளுக்கு அங்கே பாங்கில் ஒரு பென்ஷன் காகிதம் கொடுக்க வேண்டியிருந்தது. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முன்னால் நாற்பது வண்டி, பின்னால் நாற்பது வண்டி. இறங்கிப் போகவும் வழியில்லை. ஐசக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“பதினாறு கையெழுத்து. எனக்குத் தெரியாம.”

“மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் நீங்க தூங்குவிய. அந்த நேரத்துல போனேன்.”

“ஒருத்தன்கூட எங்கிட்டச் சொல்லல.”

“நீங்க எழுத்துமூலம் எச்சரிக்கை குடுப்பியன்னு பயம்.”

“போர்டுல அந்த நோட்டீஸ ஒட்டுனது?”

“நாந்தான்.”

“எதுக்கு? எனக்குத் தெரியாமலே முடிச்சிருக்கலாமே.”

“முடியல அத்தான். ஆகஸ்டுல பிளான் திரும்பி வந்துட்டு. பில்டர் கைய விரிச்சிட்டான். அந்தப் பிள்ளை தருண் எங்கிட்ட வந்து அழாத குறை. அனந்தராமன் சார் என்னால இன்னொரு மழைக்காலம் இந்தப் படி ஏற முடியாதுன்னார். நான் சொன்னேன், எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார், இந்த வேலையில அவர அடிக்க ஆள் கிடையாது. ஆனா உதவின்னு கேட்டா எழுந்திரிக்க மாட்டார். எதிர்க்கணும்னாத்தான் எழுந்திரிப்பார்.”

பக்கத்து ஸ்கூட்டர்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்தமாதிரி இருந்தது அவன் முகம்.

“முப்பத்திமூணு வருஷம் உங்களுக்குச் சமைச்சிருக்கேன்,” என்றாள் மில்ட்ரெட். குரல் உயரவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரியே இருந்தது. “உப்பு சரியா இருக்கிற அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல. குறைஞ்சாத்தான் சொல்லுவிய. ஆனா எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சரியாச் சொல்லுவிய. பிளானுக்கும் அதுதானே வேணும்.”

சரக்கு ரயில் வந்தது. அது போய் முடிகிறவரை பேச முடியாது. கடைசிப் பெட்டி தாண்டியதும் ஐசக் கேட்டார்.

“அந்தச் சாயங்காலமெல்லாம்…”

மடியிலிருந்த கோட்டை மறுபடி மடித்தார்.

மில்ட்ரெட் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கும் பிடிச்சிருந்தது,” என்றாள். “இன்னும் இழுத்திருந்தா மனசு மாறியிருக்கும். அதான் பதினொண்ணோட நிறுத்தினேன்.”

கேட் திறந்தது. எண்பது வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

ஏப்ரல் மாதம் ஒப்பந்தப் பத்திரங்களோடு தருண் வீட்டுக்கு வந்தான். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் புதுக் கட்டடத்தில் எந்த வீடு என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற வேலை. ஐசக் இந்த ஒரு மாதத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். செயலாளர் பதவியை ராஜினாமா செய்தார், எழுத்துமூலம்தான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு மாடியும் தன் அளவில் எழும்பப் போகிறது என்ற நினைப்பு ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் ஒரு மோர் மாதிரி உள்ளே இறங்கிக் குளிர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் அவரிடம் தங்கள் வீட்டுப் பிளானைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர்களைத் திட்டியபடி திருத்திக் கொடுத்தார்.

“ஆன்ட்டிக்கு ரெண்டு ஃப்ளாட் அங்கிள்,” என்றான் தருண்.

ஐசக் நிமிர்ந்தார். “ரெண்டா? நாம குடுக்கிறது ஒண்ணுதானே?”

“பெரிய ஃப்ளாட் ஒண்ணுக்குப் பதிலா சின்னது ரெண்டு. ஆன்ட்டி அப்படிக் கேட்டாங்க.”

ஐசக் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பல வருஷமாக இல்லாத ஒரு மரியாதை இருந்தது. ஒன்றைக் கொடுத்து இரண்டை வாங்கியிருக்கிறாள். தன்னோடு இருந்து இருந்து இவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தார்.

“கெட்டிக்காரி,” என்றார் வாய்விட்டு. “ஒண்ணுல நாம இருப்போம். ஒண்ண வாடகைக்கு விடுவோம்.”

“வாடகைக்கு இல்ல அத்தான். நாலாவது மாடி உங்களுக்கு. பன்னெண்டாவது மாடி எனக்கு.”

தருண் தன் பேனாவை ஆராய ஆரம்பித்தான்.

“என்ன சொல்லுத மில்லி?”

“ஞாயித்துக்கிழமை கோயிலுக்குச் சேந்துதான் போவோம். ஹெலினா வந்தா ரெண்டு வீட்டுலயும் இருந்துக்கிடட்டும். உடம்புக்கு ஒண்ணுன்னா நான் வாரேன். நீங்களும் வாங்க.”

“அறுபத்தஞ்சு வயசுல என்னைய விட்டுட்டுப் போறியா?”

“விட்டுட்டுப் போகல. மேல போறேன். லிப்ட் இருக்கு.”

“எதுக்கு?”

மில்ட்ரெட் கொஞ்சம் யோசித்தாள். பெரிய பட்டியல் ஒன்றை எதிர்பார்த்து ஐசக் ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தயார் செய்துகொண்டார். பைல் வைக்கிற பீரோவுக்காக அடுக்களை ஜன்னலை அடைத்ததற்குப் பதில். ஹெலினாவின் கல்யாணத்துக்கு அரை நாள் லேட்டாக வந்ததற்குப் பதில்.

“ஜன்னலத் திறந்து போட்டுட்டு, ரேடியோவ சத்தமா வச்சுட்டு, உப்புப் போட மறந்த சோத்தத் திங்கணும் அத்தான்,” என்றாள். “கொஞ்ச நாள்.”

ஐசக் நாலாவது மாடி வீட்டின் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். ஒரு குற்றம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் இழுத்துவிடலாம். கதவு சரியான பக்கம் திறந்தது. தண்ணீர்க் குழாய் சரியான சுவரில் ஏறியது. ஒரே ஒருவர் படுக்க, சமைக்க, உட்காரப் போதுமான இடம், ஒரு அங்குலம் வீணாகாமல். எல்லாம் அவர் சொன்ன அளவு. அவருக்கே அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மில்ட்ரெட் தன் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டுப் பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். கடைசி வரியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் விரலை வைத்தாள்.

“நான் இதுக்குச் சம்மதிக்க மாட்டேன்,” என்றார் ஐசக்.

“சம்மதம் உங்ககிட்ட யாரும் கேக்கல அத்தான். சாட்சிக்குத்தான் ஒரு ஆள் குறையுது.”